குழிக்குக் காவல்

பல்லடம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் செருப்பின் வார் அறுந்துவிட்டது. இரண்டையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். உடுமலைப்பேட்டையில் கொப்பரைக் களத்தில் வேலை செய்தபோது வாங்கிய செருப்பு அது. மழை பிடித்துக் கொப்பரையெல்லாம் பூசணம் பூத்ததில் களத்துக்காரர் ஆட்களைக் குறைத்துக்கொண்டு வந்தார். என்னை அவர் போகச் சொல்லவில்லை. அவர் வாய் திறப்பதற்கு முன்னால் நானே கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். ஒரு இடம் என்னைத் தள்ளுவதற்குள் நகர்ந்துவிடுவது என் வழக்கம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூரைச் சுற்றி மில்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்த காலம். முந்தின நாள் ஒரு கோவிலில் கிடைத்த பொங்கலுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. பசியோடு நடக்கும்போது மைல்கல்லைப் பார்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். லாரிகளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வானம் மேற்கில் கறுத்துக் கிடந்தது. பெய்வதாகவும் தெரியவில்லை, விலகுவதாகவும் தெரியவில்லை.

சூலூர்ப் பக்கம் ஒரு புளியமரத்தடியிலிருந்து எழுந்து ஒருவர் என்னோடு நடக்கத் தொடங்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தேய்த்த வெள்ளைச் சட்டை. காலர் மடிப்பில் நூல் பிரிந்திருந்தது, ஆனால் மடிப்பு கலையவில்லை. அக்குளில் ஒரு மஞ்சள் பையைச் சின்னதாக மடித்து இடுக்கியிருந்தார்.

"ஏனுங்க தம்பி, கோயலுக்குள்ள போறவனாட்டச் செருப்பக் கையில தூக்கிட்டுப் போறீங்க?"

"வார் அந்து போச்சுங்ணா."

"ஒண்ணு தைக்கோணும், இல்லீன்னா வீசிப்போடோணும். ரெண்டும் இல்லாமச் சொமக்கறீங்க பாருங்க." அவரே சிரித்துக்கொண்டார்.

சிங்காநல்லூரில் ஒரு மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தவர். மில் மூடி இரண்டு வருடம் ஆகிறது. மில் லைன் வீட்டிலேயே இன்னும் குடியிருக்கிறார். காலி செய்யச் சொல்ல மில்லில் ஆள் யாரும் மிச்சமில்லை. காலையில் தோட்டம் தோட்டமாகக் கூலி வேலை கேட்டுப் போய்விட்டு, வேலை கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்தார்.

"போன மாசம் ஒரு தோட்டத்துல சோளம் வெதைக்கப் போனனுங்க. அதோட செரி. இப்ப எங்கீமு ஆளு வேண்டாங்கறாங்க."

"ஊட்ல யாருங்ணா?"

"சம்சாரம், ஒரு பொம்பளப் புள்ள. புள்ளைக்குத்தான் ஒடம்புக்குச் சொகமில்லீங்க. ரெண்டு நாளா வாந்தி. சூட்டு வாந்தியாட்ட இருக்குது."

தூரத்தில் ஏதோ ஒரு மில்லின் சங்கு ஊதியது. அவர் நின்றார். கடிகாரம் இல்லாத மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க மில்லுச் சங்கு இதுக்கு முந்தியே ஊதிப்போடுமுங்க. எங்க ஊட்டு வாசல்ல நின்னா புகைக்கூண்டு நேரா நெத்திக்கு மேல தெரியும். இப்பப் புகை இல்லீங்களா, பருந்து ஒண்ணு அதும் மேல கூடு கட்டீருச்சு. சங்குக்குப் பதலா அதுதான் கத்துது."

நான் எப்போது சாப்பிட்டேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு அவர் ஏதாவது தர வேண்டியிருக்கும். ஆனால் கொஞ்ச தூரம் போனதும், எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சிங்காநல்லூர்ல பிடி அரிசிக் கிடங்கு ஒண்ணு இருக்குதுங்க. அடுப்பில்லாத ஆளுகளுக்குக் கஞ்சி ஊத்துவாங்க. நீங்க போங்க. நான் வழி காட்டறேன். எங்களுக்கெல்லாம் வேண்டீதில்லீங்க. நாங்க குடுக்கற ஊடு. எந்த வாரமும் எங்க ஊட்டுக் கதவுல பை தொங்காம இருந்ததில்ல."

அந்தக் கிடங்கின் ஏற்பாட்டை வழியெல்லாம் அவர்தான் எனக்கு விளக்கினார். சமைக்க அரிசி அளக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு பையில் போட வேண்டும். வாரம் ஒரு நாள் பையைக் கதவுக்கு வெளியே மாட்டி வைக்க வேண்டும். கைவண்டிக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார்; வண்டியைத் தவறவிட்டவர்கள் தாங்களே கொண்டுவந்து கொட்டலாம். அரிசி இல்லாத வீட்டில் ராகி போடலாம், கம்பு போடலாம், எது இருக்கிறதோ அது. எல்லாம் ஒரே தொட்டியில் விழும். தேவைப்பட்டவர்கள் அன்று சாயங்காலமே வந்து வாங்கிக்கொள்ளலாம். யாருக்கும் பெயர் கேட்பது கிடையாது, எழுதி வைப்பது கிடையாது. கொடுக்க வருகிறவன் கையிலும் மஞ்சள் பை, வாங்க வருகிறவன் கையிலும் அதே மஞ்சள் பை. ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியேறினால் இவன் கொடுத்தானா வாங்கினானா என்று தெருவுக்குத் தெரியாது.

"அது செரியான ஏற்பாடுங்க," என்றார். "இல்லீன்னா ஒருத்தனும் போக மாட்டான்."

கிடங்கு முன்பு பஞ்சு மூட்டை அடுக்கும் இடமாக இருந்தது. சுவரின் மூலைகளில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. டவுனில் அரிசி மண்டி வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி, எல்லோருக்கும் பாய், அதை வாடகைக்கு எடுத்து நடத்தினார். நடுவில் சிமெண்டுத் தொட்டி. அதன் பக்கத்தில் முறத்தோடு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். தொட்டியில் விழுவதைப் புடைப்பதும் படியால் அளந்து கொடுப்பதும் அவர் வேலை. ஒவ்வொரு பைக்கும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடுவார். எத்தனை பை போனது என்பது மட்டும்தான் அங்கே கணக்கு. யாருக்குப் போனது என்பதற்குக் கணக்கே இல்லை.

எனக்குக் கஞ்சி ஊற்றினார்கள். போன வாரத்து அரிசி, சுடச்சுட, ஊறுகாய் மிளகாயோடு. மூன்றாவது தட்டுக்கு நீட்டியபோது அக்கா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "தம்பி எந்தூருக் கெணறு? மெதுவா ஊத்தறேன், பொங்கி வழிஞ்சிரப்போவுது."

நான் சாப்பிட்டு நிமிர்ந்தபோது என்னோடு வந்தவர் மறுவாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார். பை அக்குளில் இல்லை, கையில் தொங்கியது. கனமாக இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்க்கவில்லை. நானும் பார்க்காதவனைப் போல் தட்டைக் கழுவினேன்.

தங்க இடம் கேட்கலாம் என்று பாயிடம் போனேன். பேச்சு தொடங்குவதற்குள், கிடங்குக்குப் பின்னால் டீக்கடை வைத்திருந்தவர் உள்ளே வந்தார். அவர் கையில் ஒரு கோழி, தலைகீழாக.

"ஏனுங்கக்கா, என்ற கோழிக்கு என்னத்தப் போட்டீங்க?"

"பொடைச்சதுல பொறுக்குன சோளத்தப் போட்டனப்பா. எப்பவும் போடறதுதான. அதுக்குப் போயி என்னமோ மருமவப் புள்ளையக் கொன்னவளாட்டக் கேக்கற?"

"மூணு கோழி செத்துக் கெடக்குதுங்க. ரெண்டு சிட்டுக்குருவி. நோவா இருக்கும்னு ஒண்ணோட இரைப்பையக் கிழிச்சுப் பாத்தேன். பாருங்க."

இன்னொரு கையிலிருந்த காகிதத்தை விரித்தார். ஊறிய சோளம். அதிலிருந்து கசிந்த நீர் காகிதத்தில் ரோஜா நிறமாகப் பரவிக்கொண்டிருந்தது.

யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்தில் விதைச் சோளம் பார்க்காதவர் கிடையாது. விதைக்கு மருந்து தடவி, தின்றுவிடாமல் இருக்கச் சிவப்புச் சாயம் ஏற்றித்தான் கடையில் கொடுப்பார்கள். அக்கா எழுந்து தொட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு அள்ளினார். அரிசிக்கு நடுவில் அங்கங்கே சோளம் இருந்தது. வெளுத்துத்தான் இருந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், முளை வரும் மூக்கில் மட்டும் சிவப்பு தங்கியிருந்தது.

"கழுவியிருக்காங்க," என்றார் அக்கா. "யாரோ நல்லாக் கழுவி, காய வெச்சு, பையில போட்டிருக்காங்க."

பாய் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாசலைப் பார்த்தார். வெயில் இறங்கிவிட்டிருந்தது. அன்று சாயங்காலம் வாங்கிக்கொண்டு போனவர்கள் அரிசியை நாளைக்கு என்று எடுத்து வைப்பவர்கள் இல்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் உலை ஏறிவிடும்.

அக்கா டப்பாவைக் கவிழ்த்துப் புளியங்கொட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டார். "எத்தனன்னு கையில இருக்குது. எங்கன்னு எந்தச் சாமிக்குத் தெரியும்?"

"ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்லிப்போடலாமுங்க," என்றார் டீக்கடைக்காரர். "கிடங்குல அரிசி வாங்குனவங்க ஆக்காதீங்கன்னு."

"சொன்னா? நான்தான் வாங்குனேன்னு தெருவுக்கு முன்னால எவ வந்து நிப்பா? மைக்குச் சத்தம் கேட்டதும் கதவச் சாத்திட்டு வெரசா ஆக்கித் தின்னுபோடுவாங்க. நம்ம ஏற்பாடு அப்படியல்லோ," என்றார் அக்கா.

அது உண்மை. யாரும் தலைகுனியாமல் வாங்கிப் போக வேண்டும் என்று செய்த ஏற்பாடு, இப்போது யார் வீட்டில் விஷம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாத ஏற்பாடாக ஆகியிருந்தது.

வழி சொன்னது பாய்தான். மண்டியிலிருந்து அன்று காலை வந்திறங்கிய நல்ல அரிசி மூட்டைகள் ஓரமாக இருந்தன. அடுத்த மாதத்துக்காக அவர் வைத்திருந்தது. "வாங்குனவங்களத் தேட வேண்டாம்," என்றார். "எல்லா ஊட்டுக்கும் போவோம். கிடங்கு அரிசியில வண்டு விழுந்து தெருவெல்லாம் பரவீருச்சு, எந்த ஊட்டு அரிசியா இருந்தாலும் குடுங்க, அதே அளவுக்கு நல்ல அரிசி தாரோம்னு சொல்லுவோம். குடுத்தவங்களும் வருவாங்க, வாங்குனவங்களும் வருவாங்க. யாரு யாருன்னு எவனுக்கும் தெரியாது."

கைவண்டியில் மூட்டைகளை ஏற்றினோம். நான் தள்ளினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மில் லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஓடு வேய்ந்த வீடுகள். டீக்கடைக்காரர் முன்னால் கைதட்டிக் கூவிக்கொண்டு போனார். முதலில் இரண்டு மூன்று பேர்தான் எட்டிப் பார்த்தார்கள். புது அரிசியைக் கண்ணால் பார்த்ததும் தெருவே வெளியே வந்துவிட்டது. ஒரு அம்மா கல்லும் மண்ணுமாக ரேஷன் அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏனுங்க பாய், இதுலயும் வண்டுங்க," என்றார்.

பாய் பையைத் திறந்து பார்த்தார். "இதுல வண்டு பொழைக்காதுங்களே அம்மிணி. பல்லு ஒடஞ்சு போயிருமே."

"இருந்துதுங்க. இப்பத்தான் வெளிய போச்சு."

பாய் சிரிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

ஒவ்வொரு பையையும் அக்கா முறத்தில் கொட்டிப் பார்ப்பார். சோளம் தெரிந்தால் முகத்தில் எதையும் காட்டாமல் ஓரமாக இருந்த சாக்கில் தட்டிவிட்டு, முந்தானையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து வீசுவார், ஒரு பை திரும்பிவிட்டது என்று. ஒரு வீட்டில் உலையில் போட்டே விட்டார்கள். பானையோடு தூக்கிக்கொண்டு வந்தார் அந்த வீட்டுக்காரர். கொதிக்கிற தண்ணீரில் சோளம் மேலும் கீழுமாகப் புரண்டது. இன்னொரு வீட்டில் பெண் வடிகஞ்சியை டம்ளரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள். அக்கா அதைக் கையிலிருந்து பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினார். "வண்டுக்கு இத்தன கோவமா?" என்றாள் அந்தப் பெண்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஓடுகளுக்கு மேலே அடுப்புப் புகை எழும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பினேன். எந்தப் புகையை நம்புவது என்று தெரியவில்லை. வண்டி இலேசாகிவிட்டது. கடைசி லைனின் மூலையில் அக்கா நின்று முந்தானையை அவிழ்த்தார். உள்ளங்கையில் ஒரே ஒரு கொட்டை இருந்தது.

"ஒண்ணு வரலீங்க."

வராதது யார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வெள்ளைச் சட்டையைத் தெருவில் நான் பார்க்கவே இல்லை. வீடு தெரியாது. ஆனால் புகைக்கூண்டு வாசலுக்கு நேராக நெற்றிக்கு மேல் தெரியும் என்று அவர் சொல்லியிருந்தார். அண்ணாந்து பார்த்தேன். கூண்டின் விளிம்பில் சுள்ளிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதற்கு நேர் கீழே வரும் வரை வண்டியை விட்டுவிட்டு நடந்தேன். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கதவின் ஆணியில் பை மாட்டும் கயிறு மட்டும் தொங்கியது.

தட்டினோம். அவர்தான் திறந்தார், பாதிக் கதவை மட்டும். சட்டை மடிப்பு இன்னும் கலையவில்லை. என்னைப் பார்த்தார், தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி.

"வண்டு அரிசிய மாத்தறமுங்க," என்றார் பாய்.

"கேட்டுதுங்க. எங்க ஊட்ல நல்ல அரிசிதானுங்க இருக்குது. மத்தவங்களுக்குக் குடுங்க."

"இருந்தாலும் ஒருக்காப் பாத்துட்டுப் போறமுங்க."

"வேண்டாமுங்க. நாங்க குடுக்கற ஊடு."

பாய் தலையாட்டினார். அதற்கு மேல் கேட்பது அங்கே வழக்கமில்லை. ஒருவர் இருக்கிறது என்று சொன்னால் இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நான்கு பக்கமும் வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்தக் கொட்டையை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே நின்றார். கதவு மெதுவாக மூடத் தொடங்கியது.

"அண்ணா, குடிக்கத் தண்ணி வேணுங்ணா," என்றேன். "காலையில இருந்து நடந்தது உங்களுக்குத் தெரியுமல்லங்க."

தண்ணீர் கேட்டவனுக்கு முன்னால் கதவைச் சாத்த அவரால் முடியவில்லை. உள்ளே திரும்பி, "தண்ணி கொண்டா," என்றார். கதவு முழுசாகத் திறந்துகொண்டது.

உள்ளே அடுப்பு பற்றவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் பை வாய் பிரித்தபடி இருந்தது. யாரோ கையை விட்டு, எடுத்து, அப்படியே விட்ட மாதிரி. சுவரோரம் கோரைப்பாயில் ஒரு பெண் பிள்ளை சுருண்டு கிடந்தாள். எட்டு ஒன்பது வயது இருக்கும். வாயோரத்தில் எச்சில் வழிந்தது. எங்கள் சத்தத்துக்கு அவள் திரும்பவில்லை.

அவர் மனைவி சொம்போடு வந்தார். என் கையில் கொடுக்கவில்லை. கணவரைத் தாண்டி வாசற்படிக்கு வந்து, சொம்பைக் கீழே வைத்துவிட்டு, அக்காவைப் பார்த்துப் பேசினார். குரல் சன்னமாக இருந்தது, ஆனால் தெருவுக்குக் கேட்டது.

"அது எங்க சோளமுங்கக்கா."

"சும்மா இரு," என்றார் அவர்.

"அவுரு கொண்டாந்த பையப் பிரிச்சனுங்க. நான் கழுவிப் போட்ட சோளம் எங்க ஊட்டுக்கே திரும்பி வந்திருந்துதுங்க. அப்பறம் வண்டுன்னு சொல்லிட்டு நீங்க ஊடு ஊடா வந்தீங்க. வண்டுக்கு யாரு இத்தன அரிசி குடுப்பாங்க? அப்பத்தானுங்க புள்ளையப் பாத்தேன்."

தோட்டத்தில் விதைத்து மீந்த சோளம். தோட்டத்துக்காரர் அதைக் குழி வெட்டி மூடச் சொல்லியிருக்கிறார். இவர் மூடவில்லை, சாக்கோடு தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இந்த வாரம்தான் வீட்டில் ஒரு பிடி அரிசிகூட இல்லாமல் போனது. கதவில் காலிப் பை தொங்கினால் நான்கு வாசலுக்கும் தெரிந்துவிடும். அதனால் அந்த அம்மா தினமும் ஒரு பிடி சோளத்தைப் பைக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். அவள் குடித்து மிஞ்சியதைத்தான் இவர்கள் இருவரும் குடித்தார்கள். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டபோது சோளத்துக்குப் பழகாத வயிறு என்று நினைத்தார்கள்.

"மூணு தண்ணி கழுவுனமுங்க," என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். அப்போதுதான் முதன்முதலாக என்னை நேராகப் பார்த்தார். "செவப்புப் போற வரைக்கும் கழுவுனமுங்க, தம்பி."

பிள்ளையைத் தூக்கிக் கைவண்டியில் காலிச் சாக்குகளின் மேல் படுக்க வைத்தோம். உடம்பு கனமே இல்லை. தெரு ஓரமாக நகர்ந்து வழி விட்டது. யாரோ, "என்னுங்க ஆச்சு?" என்றார்கள். "காய்ச்சலுங்க," என்றார் அவர், நடந்துகொண்டே, காலரைச் சரி செய்துகொண்டு. மெயின் ரோட்டில் பாய் ஒரு ஆட்டோவை மறித்து மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் அக்காவும் காலி வண்டியோடு திரும்பினோம். அக்கா வழியில் அந்தக் கடைசிக் கொட்டையை வீசவில்லை. கிடங்குக்கு வந்ததும் டப்பாவில் போட்டு மூடினார். நான் சாக்கு விரித்துப் படுத்தேன்.

காலையில் பாய் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. குழாய் விட்டு வயிற்றைக் கழுவியிருக்கிறார்கள், பிள்ளை மூச்சு விடுகிறாள், ஆனால் கண் திறந்து ஆளைப் பார்க்கவில்லை, டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை என்றார். பெரியவர்கள் இருவருக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"குழி வெட்டுவீங்களா தம்பி?"

"வெட்டுவனுங்க."

"ஆழமா வேணும். தொட்டியில இருக்கறது, திரும்பி வந்தது, எல்லாம் உள்ள போகோணும். மூடுன பொறவு அங்கயே இருக்கோணும். சாப்பாடு போட்டுக் கூலி தாரேன்."

"மூடுன பொறவு எதுக்குங்க இருக்கோணும்?"

அவர் மூலையிலிருந்த மண்வெட்டியை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கிடங்குக்குப் பின்னால் வேலியோரம் மண் ஈரமாக இருந்தது. இடுப்பளவு இறங்கியதும் வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். ஏன் என்று கேட்கவில்லை. கையில் மஞ்சள் பை வைத்திருந்தார்கள்.

தொட்டியிலிருந்து சாக்குச் சாக்காகக் கொண்டுவந்து கொட்டினேன். வெள்ளையாக, பிடிப்பிடியாக எத்தனையோ வீடுகளில் எடுத்து வைத்த அரிசி. முக்கால்வாசி நல்லதுதான். எது நல்லது என்று பிரிக்க முடியாது, அவ்வளவுதான். மண்ணில் விழும்போது சலசலவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு என் வாயில் எச்சில் ஊறியது.

அப்போது பிள்ளையின் அம்மா வந்தார். உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்திருப்பார் போல. இடுப்பில் அரைச் சாக்கு விதைச் சோளம், நல்ல சிவப்பு. லைன் முழுவதும் பார்க்க நடந்து வந்து, குழியின் விளிம்பில் நின்று, சாக்கின் வாயைப் பிடித்து உதறினார். வெள்ளை அரிசியின் மேல் சிவப்பாக விழுந்தது. சாக்கையும் உள்ளே போட்டார்.

"புள்ள எப்படீங்க?" என்றேன்.

"தண்ணி கேட்டாளாமுங்க. என்ற காதுல உளுகலீங்க. அவுரு காதுல உளுந்துச்சாம்." பிறகு கிடங்கின் பக்கம் திரும்பி, அங்கே நின்றிருந்த அக்காவிடம் சொன்னார்: "இந்த வாரம் எங்க ஊட்ல பை மாட்ட முடியாதுங்க."

"செரி கண்ணு," என்றார் அக்கா.

அந்த அம்மா பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தார். நான் மண்ணைத் தள்ளி மூடினேன். காலால் மிதித்து இறுக்கினேன். மேலே முள்ளை வெட்டிப் போட்டேன். பிறகு மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தேன். வேலிக்கு வெளியே நின்றவர்கள் போகவில்லை. இன்னும் சிலர் சேர்ந்திருந்தார்கள்.

ஒருவர் வேலிக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, அடியில கெடக்கறது நல்ல அரிசிதானுங்களே? நல்லாக் கழுவுனா ஒண்ணும் ஆகாதல்லங்க?"

"போங்க," என்றேன். மண்வெட்டியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை.